பழைய கார் 'கன்வெர்ட்டரை' கழற்றும் முன் உஷார்! டப்பாவோடு போவது பிளாட்டினம்; வருவது 10 ஆயிரம் அபராதம்

வாசுதேவநல்லூர்:

"அண்ணாச்சி, கன்வெர்ட்டர் அடைச்சிட்டு. புதுசு போட்டா கட்டுபடி ஆகாது. பேசாம கழத்திட்டு வெறும் பைப்பை வச்சு வெல்டிங் அடிச்சிருவோமா?"

பழைய கார் வைத்திருப்பவர்கள் பட்டறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வண்டி ஏற்றம் ஏறவில்லை, பிக்கப் இல்லை, பெட்ரோல் குடிக்கிறது என்று போய் நின்றால் கடைசியில் வந்து நிற்பது இந்த யோசனையில்தான். காரின் சொந்தக்காரரும், 'செலவு மிச்சம்' என்று தலையை ஆட்டி விடுகிறார்.

கழற்றிய டப்பா என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. பட்டறை மூலையில் கிடந்து, பிறகு பழைய இரும்புக்காரர் சாக்குக்குள் போய் விடுகிறது. அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த டப்பாவுக்குள் இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற 3 விலை உயர்ந்த உலோகங்கள்!

மதுரையில் இருந்து ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வழியாக தென்காசி போகும் சாலையில் டி.என். 79, டி.என். 76 நம்பர் போட்ட பழைய கார், வேன்கள் இன்றைக்கும் ஏராளமாக ஓடுகின்றன. குற்றாலம் சீசன், சபரிமலை சீசன், கல்யாண முகூர்த்தம் என்று வாடகைக்கு ஓட்டித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. அதனால் இது ஏதோ பணக்காரர்கள் சமாசாரம் என்று தள்ளி விட முடியாது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

இன்ஜினில் இருந்து வரும் புகை சைலன்சருக்கு போகும் வழியில் ஒரு தகர டப்பா மாதிரி உப்பலாக இருப்பதுதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான துவாரங்களுடன் ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அந்த துவாரங்களின் சுவரில்தான் மேற்சொன்ன 3 உலோகமும் மெல்லிசாக பூசப்பட்டு இருக்கும். ஒரு சாதாரண காரில் மூன்றும் சேர்ந்து ஒரு சில கிராம்தான் தேறும்.

இன்ஜின் புகையில் 3 விஷம் இருக்கிறது. ஒன்று கார்பன் மோனாக்சைடு. இரண்டாவது எரியாத பெட்ரோல் ஆவி. மூன்றாவது நைட்ரஜன் ஆக்சைடு. டப்பா சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானதும் வேலையை ஆரம்பித்து, இந்த மூன்றையும் பெருமளவு கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் ஆவி, நைட்ரஜன் என்று மாற்றி வெளியே அனுப்புகிறது. உலோகம் தேய்ந்து கரைந்து போவதில்லை. கார் பழசானாலும் டப்பாவுக்குள் விலை மதிப்பு மிச்சம் இருப்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்காவில் 1975ம் ஆண்டு மாடல் கார்களில் இது பரவலாக வந்தது. இந்தியாவில் 1995ம் ஆண்டு ஏப்ரல் முதல் சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கட்டாயம் ஆக்கப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் ஊற்றினால் உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு கெட்டு விடும். அதனால் ஈயம் இல்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000ம் ஆண்டில் நாடு முழுவதும் ஈய பெட்ரோல் ஒழிந்தது. அதற்கு முன்பு தென் மாவட்டங்களில் வாங்கிய கார் என்றால், பெரும்பாலும் இந்த டப்பாவே இருக்காது. அதற்கு பிறகு வந்த பெட்ரோல் கார்களில் இருக்கும்.

தங்கத்தை மிஞ்சிய தூள்

3 உலோகங்களில் ரோடியம்தான் ராஜா. 2021ம் ஆண்டு மார்ச்சில் இதன் விலை ஒரு அவுன்ஸ், அதாவது 31 கிராம், சுமார் 29 ஆயிரம் டாலர் வரை எகிறியது. அன்றைய தங்கத்தின் விலையை விட 15 மடங்குக்கும் மேல்! பல்லேடியம் 2022 மார்ச்சில் அவுன்ஸ் 3 ஆயிரம் டாலரை தாண்டியது. உக்ரைன் போர் வெடித்த நேரம் அது. உலகத்துக்கு பல்லேடியம் அதிகமாக கொடுப்பது ரஷியாவும் தென் ஆப்பிரிக்காவும்தான் என்பதால், எங்கேயோ நடந்த சண்டைக்கு இங்கே காருக்கு அடியில் இருக்கும் டப்பாவுக்கு மவுசு கூடியது.

பிறகு ரோடியம், பல்லேடியம் இரண்டும் சரிந்தன. ஆனால் 2025ல் பிளாட்டினம் விலை மறுபடியும் கிடுகிடுவென ஏறியது. ஆக, டப்பாவுக்கு மதிப்பு போய் விடவில்லை.

விலை ஏறினால் திருடன் சும்மா இருப்பானா? அமெரிக்காவில் இன்சூரன்ஸ் கணக்குப்படி 2018ல் 1,298 கன்வெர்ட்டர் திருட்டுகள். 2020ல் அது 14,433. இரண்டே வருடத்தில் 11 மடங்கு! 2022 நவம்பரில் அமெரிக்க அரசு பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் வேட்டை நடத்தி திருட்டு கும்பலையும், வாங்கி விற்ற வியாபாரிகளையும் சேர்த்துப் பிடித்தது. லண்டன் பக்கம் ஹைபிரிட் கார்களை குறி வைத்தார்கள்.

இங்கே சிக்கியது 'ஈக்கோ'

நம் நாட்டில் அதிகம் மாட்டியது மாருதி ஈக்கோ வேன். 2010ல் சந்தைக்கு வந்த இந்த வண்டிதான் பள்ளிக்கூட சவாரி முதல் பால் சப்ளை வரை ஓடுகிறது. 2020ம் ஆண்டுக்கு பிறகு குஜராத், மகாராஷ்டிரா, டெல்லியில் தெருவில் நின்ற ஈக்கோக்களின் சைலன்சர் ராத்திரியோடு ராத்திரியாக மாயமானது. காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் லாரி மாதிரி உறுமும். குனிந்து பார்த்தால் சைலன்சர் காலி!

வண்டியின் அடிப்பகுதியில் கை எட்டும் இடத்தில் இருப்பதும், சில போல்ட்டுகளை கழற்றினால் கையோடு வந்து விடுவதும் திருடர்களுக்கு வசதியாக போனது. டப்பாவை உடைத்து உள்ளே இருக்கும் பீங்கானை தூளாக்கி, அந்த தூளை எடை போட்டு விற்ற கும்பல்கள் பல ஊர்களில் போலீசில் சிக்கின. பார்த்தால் சாதாரண சாம்பல் நிற மண். விலையோ ஆயிரக்கணக்கில்!

ராத்திரியில் வந்து கழற்றினால் அதற்கு பெயர் திருட்டு. பாரதிய நியாய சன்ஹிதா 303வது பிரிவில் கேஸ். தெரிந்தே வாங்கினால் 317வது பிரிவு. ஆனால் பட்டப்பகலில், கூலியும் கொடுத்து, நாமே கழற்றச் சொல்லி, டப்பாவையும் அங்கேயே விட்டு விட்டு வந்தால்? அதற்கு எந்த செக்ஷனும் இல்லை. அது நம் ஏமாளித்தனம்!

எல்லா மெக்கானிக்கையும் குறை சொல்வதற்கு இல்லை. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் இரும்பு விலைக்கு தள்ளி விடுபவர்களும் உண்டு. அப்போது ஏமாறுவது கார்காரரும் மெக்கானிக்கும். லாபம் பார்ப்பது தூளின் விலை தெரிந்த கடைசி ஆள் ஒருவர் மட்டும்தான்.

கழற்றினால் பிக்கப் வருமா?

வரும். ஆனால் அது பாதி உண்மை.

டப்பா அடைத்து விட்டால் புகை வெளியே போக வழியில்லாமல் இன்ஜின் மூச்சு முட்டும். அடைப்பை எடுத்தால் மூச்சு வரத்தானே செய்யும்? உடனே 'பார்த்தீங்களா, வண்டி பறக்கு' என்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் கன்வெர்ட்டரை கழற்றினால் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியாது.

யோசிக்க வேண்டியது, டப்பா ஏன் அடைத்தது என்பதைத்தான். ஸ்பார்க் பிளக் அல்லது இக்னிஷன் காயில் பழுதானால் பெட்ரோல் எரியாமல் அப்படியே டப்பாவுக்கு போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி வழி அடைத்துப் போகும். இன்ஜின் ஆயில் குடித்தால், அந்த ஆயில் சாம்பல் போய் மூடும். ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் கசிந்தாலும் இதே கதிதான். வேகத்தடையில் அடி இடித்தால் பீங்கான் உடைந்து கலகலவென்று சத்தம் கேட்கும்.

நோய் இன்ஜினில். ஆபரேஷன் டப்பாவுக்கு! மூல காரணத்தை சரி செய்யாமல் 20 ஆயிரம் கொடுத்து புது டப்பா போட்டாலும் அதுவும் சீக்கிரமே போய் விடும். டப்பாவே வேண்டாம் என்று கழற்றி எறிந்தால், இன்ஜின் கோளாறு வெளியே தெரியாமல் வளர்ந்து கடைசியில் இன்ஜினையே இறக்க வேண்டி வரும்.

அது மட்டும் அல்ல. ஓரளவு புதிய மாடல்களில் டப்பாவுக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். டப்பா இல்லை என்றால் பின்னால் உள்ள சென்சார் காட்டிக் கொடுத்து விடும். டேஷ்போர்டில் இன்ஜின் லைட் எரிந்து கொண்டே இருக்கும். பிறகு நிஜமாகவே வேறு கோளாறு வந்தாலும் அந்த லைட்டை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வண்டிக்குள் உட்காரும் விஷம்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில் இது 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம்... அவ்வளவுதான், எழுந்திருக்கவே முடியாது.

2024 டிசம்பரில் கேரள மாநிலம் வடகரையில் ரோட்டோரம் நின்ற கேரவன் வேனுக்குள் 2 பேர் பிணமாக கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அது ஜெனரேட்டர், இது கார் என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. விஷம் ஒன்றுதான்.

கன்வெர்ட்டரை கழற்றி அரைகுறையாக வெல்டிங் அடித்த பைப்பில் ஓட்டை விழுந்தால், புகை காரின் அடியிலேயே வெளியேறும். ப்ளோர் தகரம் துருப்பிடித்து ஓட்டையான பழைய ஆம்னியை நினைத்துப் பாருங்கள். ஆம்னி உற்பத்தி 2019ல் நின்று விட்டது. ஓடுகிற வண்டிகள் எல்லாமே பழசு. பின் சீட்டில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து பள்ளிக்கூடம் போகிற வண்டியில் இந்த விஷப் பரீட்சை தேவையா?

சபரிமலை சவாரி போய் விட்டு வழியில் ஏ.சி. போட்டு இன்ஜினை ஓட விட்டு கண்ணாடியை ஏற்றி தூங்கும் டிரைவர்களும் இதை மனசில் வைக்க வேண்டும். கன்வெர்ட்டர் இருந்தாலே அது ஆபத்து. இல்லாத வண்டியில் எமன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி!

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. மீறும் வாகன சொந்தக்காரருக்கு 182ஏ பிரிவின் கீழ் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். புகை அளவு மீறிய வண்டியை ரோட்டில் ஓட்டினால் 190வது பிரிவு. முதல் முறையே 3 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அதோடு 3 மாதத்துக்கு லைசென்சும் போச்சு. 2019ம் ஆண்டு சட்டத் திருத்தத்தில் வந்த தண்டனைகள் இவை. கழற்றிய மெக்கானிக் தப்பித்து விடுவார். மாட்டுவது ஓட்டுபவரும் சொந்தக்காரரும்தான்.

புகை பரிசோதனையில் பாரத் ஸ்டேஜ் 2 மற்றும் 3 வகை பெட்ரோல் கார்களுக்கு கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 வண்டிக்கு 0.3 சதவீதம்தான். அதற்கு முந்தைய, கன்வெர்ட்டர் இல்லாத காலத்து கார்களுக்கு 3 சதவீதம் வரை சலுகை உண்டு. அதாவது டப்பா இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட அளவு இது. டப்பாவை தூக்கி விட்டு இந்த அளவுக்குள் வருவது குதிரைக் கொம்பு. சான்றிதழ் ஸ்டேஜ் 3 வரையிலான வண்டிகளுக்கு 6 மாதமும், ஸ்டேஜ் 4, 6 வண்டிகளுக்கு ஒரு வருடமும் செல்லும்.

'வண்டியே போகாமல் சர்டிபிகேட் வாங்கி விடலாம்' என்று சொல்லித் திரிபவர்கள் உண்டு. அந்த காகிதம் நெஞ்சுக்குள் போகிற புகையை நிறுத்துமா?

சொந்தக்காரர்களின் குமுறலிலும் நியாயம் உண்டு

15 வருடம் முடிந்த காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட்டில் 10 ஆயிரமாக உயர்ந்தது. கட்டணத்தை ஏற்றிக் கொண்டே போகிற அரசு, பழைய மாடல்களுக்கு தரமான கன்வெர்ட்டர் நியாயமான விலையில் கிடைக்க என்ன வழி செய்தது?

ஒரு லட்சம் கூட பெறாத காருக்கு கம்பெனி டப்பா வாங்க பல ஆயிரங்களை எண்ணி வைக்க வேண்டும். எலுமிச்சை லோடு ஏற்றி புளியங்குடி சந்தைக்கு ஓட்டுகிற ஏழை டிரைவர் எங்கே போவார்? விலை குறைந்த மாற்று டப்பாக்கள் வருகின்றன. ஆனால் அதில் உலோகப் பூச்சு குறைவாக இருந்தால் சீக்கிரம் செயல் இழந்து விடும். கழற்றிய டப்பாவை எடை போட்டு வாங்குகிற கடைக்காரர், எந்த வண்டியில் இருந்து வந்தது என்று வண்டி நம்பரோடு கணக்கு வைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் திருட்டும் குறையும், சொந்தக்காரருக்கும் நியாயமான பணம் கிடைக்கும். பழைய டப்பாவின் மதிப்பை புது டப்பா விலையில் கழித்துக் கொடுத்தால் பாதிப் பேர் கழற்றி எறியவே மாட்டார்கள்.

மாற்றத்தான் வேண்டுமா? இதை கவனியுங்கள்

* முதலில் நிஜமாகவே அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சென்சார் துவாரத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தால் அடைப்பு தெரிந்து விடும். ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள்ளே உடைந்த பீங்கான் கலகலக்கும். அழுகிய முட்டை நாற்றமும் ஒரு அறிகுறி.

* பிளக், காயில், இன்ஜெக்டர், ஆயில் குடிப்பது, கூலன்ட் குறைவது ஆகியவற்றை முதலில் சரி செய்யுங்கள். அதற்கு பிறகுதான் டப்பா.

* ஓடி வந்த உடனே கை வைக்காதீர்கள். டப்பா பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். சில மணி நேரம் ஆற விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. பள்ளம் அல்லது ஸ்டாண்டு அவசியம்.

* துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் அடித்து ஊற விடுங்கள். அவசரப்பட்டு திருகினால் போல்ட்டு உடைந்து, வேலை இரட்டிப்பாகும்.

* சென்சாரை ஒயரை இழுக்காமல் பிளக்கை கழற்றி எடுங்கள். புது டப்பாவில் அம்புக்குறி இருந்தால் அது புகை போகும் திசையை பார்த்து இருக்க வேண்டும். கேஸ்கட் புதுசு போட வேண்டும். பழசை திரும்ப வைத்தால் கசியும்.

* வேலை முடிந்ததும் வண்டியை நன்றாக சூடேற்றி, கசிவு பார்த்து, புகை பரிசோதனை செய்து அளவு பாருங்கள். உள்ளே இருக்கும் தேன்கூட்டை உடைத்து எடுத்து விட்டு வெறும் கூட்டை மாட்டிக் கொடுக்கும் வேலையும் நடக்கிறது. வெளியே பார்த்தால் டப்பா இருக்கும். மீட்டர்தான் காட்டிக் கொடுக்கும்.

* முக்கியமாக, பழைய டப்பாவை கையோடு கேட்டு வாங்குங்கள். 'அது குப்பை அண்ணாச்சி' என்றாலும் விடாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டு, பில்லோடு கொடுங்கள்.

* டப்பா மேல் வண்டி நம்பரை பொறித்து வைத்தால் திருட்டு போனாலும் அடையாளம் காட்டலாம். சீசன் நேரத்தில் குற்றாலம் பக்கம் இருட்டில் நிறுத்தாமல் வெளிச்சமான இடமாக பார்த்து நிறுத்துங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் எடுத்தவருக்கு திருட்டு போன டப்பாவுக்கு ஒரு பைசா கிடைக்காது.

* கன்வெர்ட்டர் உள்ள காரை வைக்கோல், சருகு, சோளத்தட்டை மேல் நிறுத்தாதீர்கள். ரோட்டில் தட்டை காய வைக்கிற நேரத்தில் அடியில் சிக்கி தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

அடுத்த முறை பட்டறையில், 'அண்ணாச்சி, கழத்திருவோமா?' என்று கேட்டால் உடனே தலையை ஆட்டாதீர்கள். 'ஏன் அடைச்சிச்சு?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். 'கழத்தினதை எங்கிட்ட கொடுத்திருப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இந்த இரண்டு வார்த்தையில் உங்கள் பணமும் மிச்சம், பின் சீட்டில் இருக்கும் பிள்ளையின் மூச்சும் மிச்சம்!